வாவிக்கரையில் எங்கே தங்குவது?
மட்டக்களப்பின் போர்க்கால இடங்களைப் பார்க்கக் கூட்டாகப் போகிறவர்களுக்கு



தோட்டத்து மக்கள் ஒன்றுசேர்ந்து பஸ் பிடித்துப் பயணம் போவது புதிய விஷயமல்ல. கதிர்காமத்துக்கும் முன்னேஸ்வரத்துக்கும் நம்முடைய தாத்தா பாட்டி காலத்திலிருந்தே போய் வருகிறோம். இப்போது சில டிவிசன்களில் இளைஞர்களும் மாதர் சங்கத்தினரும் வேறொரு யோசனையோடு எங்களிடம் வருகிறார்கள். "மட்டக்களப்புப் பக்கம் சண்ட நடந்த எடங்களப் புள்ளைகளுக்குக் காட்டணும். நாப்பது பேர் போறோம். கம்மியான செலவுல எங்க தங்கலாம்?" என்று கேட்கிறார்கள்.

வழக்கமாக நாம் பார்க்க வேண்டிய இடங்களை முதலில் எழுதிக் கொள்வோம். தங்குவதைக் கடைசியில் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டு விடுவோம். கோயில் பயணத்துக்கு அது சரி. மடம் இருக்கும், இல்லாவிட்டால் பஸ்ஸிலேயே கண்ணயரலாம். மட்டக்களப்புக்கு அந்த முறை சரிவராது. அங்கே தங்குமிடத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மட்டக்களப்பு வாவி அந்த நாட்டை இரண்டு கரையாகப் பிரிக்கிறது. பொருந்தாத கரையில் தங்கினால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். அடுத்தது, நாம் எந்த ஊரில் படுத்து எழும்புகிறோமோ அந்த ஊர்க்காரர்களே போரைக் கண்டவர்கள். நினைவுத்தூபியில் எழுதியிருப்பதைவிட அதிகமாக அவர்களுக்குத் தெரியும். அவர்கள் மனம் நோகாமல் தங்கி வருவதும் நம் பொறுப்பு.

நமக்கும் அந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் நடந்த வன்செயல்களுக்குப் பயந்து, காம்பராவைப் பூட்டக்கூட நேரமில்லாமல் வடக்குக்கும் கிழக்குக்கும் போன தோட்டத்துக் குடும்பங்கள் பல. அங்கே போனால் பாதுகாப்பு என்று போனவர்களைப் பிறகு வந்த போர் அங்கேயும் துரத்தியது. உங்கள் லயத்திலேயே விசாரித்துப் பாருங்கள். "எங்க சித்தி அந்தப் பக்கந்தான் போனாங்க, பெறகு சேதியே இல்ல" என்று சொல்லும் ஒருவராவது இருப்பார். ஆகவே இந்தப் பயணம் சிலருக்கு வேடிக்கை பார்க்கும் பயணமாக இருக்காது. சொந்தக்காரரைத் தேடும் பயணமாகவும் இருக்கலாம்.

அதற்கு முந்திய இரண்டாம் உலகப் போரும் நம்மைத் தொட்டிருக்கிறது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கூப்பன் அரிசி, கோதுமை மா, மரவள்ளிக் கிழங்கு என்று நம் பெரியவர்கள் சொன்ன கதையெல்லாம் அந்தக் காலத்தில் தொடங்கியது. அதே வருஷம் ஏப்ரல் மாதத்தில் அந்தப் போர் மட்டக்களப்புக் கடலுக்கே வந்தது.

முதலில் இரண்டு கரைகளைத் தெரிந்து கொள்ளுங்கள்

மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியை அங்குள்ளவர்கள் எழுவான்கரை என்பார்கள். சூரியன் எழும் பக்கம். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எல்லாம் எழுவான்கரையில் இருக்கின்றன. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக இருப்பது படுவான்கரை. சூரியன் படும் பக்கம். கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளி அந்தப் பக்கம். மட்டக்களப்பு நகரத்தின் பழைய பகுதியான புளியந்தீவு வாவிக்கு நடுவே இருக்கிறது.

இரண்டு கரைக்கும் நடுவில் நினைத்த இடத்தில் கடக்க முடியாது. வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு ஆகிய பாலங்கள்தான் முக்கியமானவை. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே படகுப்பாதையில்தான் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தினார்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே மக்கள் படகுப்பாதையில் கடப்பது வழக்கம். பெரிய பஸ்ஸோடு போகிறவர்கள் பாலத்தையே நம்ப வேண்டும்.

பார்க்கப் போகும் இடங்கள் எந்தக் கரையில்?

மட்டக்களப்புக் கோட்டை புளியந்தீவில் இருக்கிறது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1638இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். இந்தத் தீவில் ஒல்லாந்தர் கைக்கு வந்த முதல் கோட்டை இதுதான். பின்னாளில் நெடுங்காலம் கச்சேரி இதற்குள்தான் நடந்தது.

ஹேர்மிஸ் கப்பல் கடலுக்குள்ளே கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்திருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸை அன்றே மட்டக்களப்புக்கு நேரே கண்டு குண்டு போட்டு மூழ்கடித்தன. விமானந்தாங்கிக் கப்பல் என்று பெயர், ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. 300க்கும் அதிகமான மாலுமிகள் இறந்தார்கள். கூடவே வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கியது. தண்ணீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானவர்களை வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் காப்பாற்றியது. ஆழ்கடலில் மூழ்கத் தெரிந்தவர்கள்தான் ஹேர்மிஸைப் பார்க்கலாம். நமக்குக் கல்லடிக் கடற்கரையில் நின்றால் தெரிவது அலை மட்டும்தான். என்றாலும் பிள்ளைகளை அங்கே நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லலாம்.

காத்தான்குடி எழுவான்கரையில் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, இரண்டு பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமான முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கிச் சன்னங்கள் பட்ட சுவரை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

மகிழடித்தீவு படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிறது. 1991 ஜூன் 12ஆம் திகதி, குண்டு வெடித்து இராணுவத்தினர் சிலர் இறந்ததன் பின், இராணுவத்தினர் ஊருக்குள் புகுந்து பொதுமக்களைக் கொன்றார்கள். அதே கொக்கட்டிச்சோலைப் பகுதியில் 1987 ஜனவரியிலும் இறால் பண்ணையில் வேலை செய்தவர்கள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். நாட்கூலிக்குப் போனவர்கள் வேலைத்தலத்திலேயே இறந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

காத்தான்குடியை விட்டுவிட்டு மகிழடித்தீவை மட்டும் பார்ப்பதோ, இதை விட்டுவிட்டு அதை மட்டும் பார்ப்பதோ வேண்டாம். இரண்டையும் பார்த்தால்தான் போர் என்றால் என்ன என்று பிள்ளைக்கு விளங்கும்.

அதனால் எங்கே தங்கலாம்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கோட்டை, கல்லடி, காத்தான்குடி மூன்றும் வடக்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன. மகிழடித்தீவுக்கு மண்முனைப் பாலத்தால் கடந்து போக வேண்டும். ஆகவே மண்முனைப் பாலத்துக்குக் கிட்டவாக, எழுவான்கரையில் ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம் பக்கத்துக் கிராமங்களில் தங்கினால் எல்லா இடமும் கிட்ட. ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கலாம். மூட்டை முடிச்சை இடத்துக்கு இடம் தூக்கத் தேவையில்லை. நகரத்துச் செலவும் இல்லை.

பாசிக்குடாவில் தங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கடல் அழகுதான். ஆனால் அது வடக்கே கல்குடாப் பக்கம் இருக்கிறது, ஹோட்டல் செலவும் அதிகம். திரும்பி வரும் வழியில் கடல் பார்க்க ஒரு மணித்தியாலம் நிறுத்தினால் போதும்.

தங்குமிடங்கள் எத்தனை வகை?

கோயில் மடமும் மண்டபமும்: செலவு மிகக் குறைவு. கோயில் நிர்வாக சபையிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்துக் கேட்க வேண்டும். மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைக் காலத்திலும், கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர், மண்டூர் முருகன் கோயில்களில் திருவிழாக் காலத்திலும் கேட்க வேண்டாம். அப்போது அடியார்களுக்கே இடம் போதாது. மடத்தில் மச்சம் மாமிசம் சமைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பாடசாலை: விடுமுறைக் காலத்தில் மட்டும். அதிபர் ஒருவர் வாயால் "சரி" என்று சொன்னால் போதாது. வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் எழுத்தில் வேண்டும். பிள்ளைகளின் மேசை, கதிரை, சுவர்ப்படங்களை இருந்தபடியே விட்டு வர வேண்டும்.

கிராமத்துப் பொது மண்டபம்: கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், தேவாலயம் என்று பல இடங்களில் மண்டபம் உண்டு. நாற்பது பேருக்கு இதுதான் பொருத்தம் என்று நாங்கள் நினைக்கிறோம். ஒரே கூரையின் கீழ் எல்லாரும் இருக்கலாம். சமையலை ஊர் மாதர் சங்கத்திடமே காசு கொடுத்து ஒப்படைக்கலாம். போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் அந்தக் கிராமங்களில் பலர். நாம் கொடுக்கும் சாப்பாட்டுக் காசு அப்படிப்பட்ட வீட்டு அடுப்புக்குப் போனால் நல்லதுதானே.

வீடுகளில் தங்குவது: பத்துப் பன்னிரண்டு பேர் போகிற சிறிய குழுவுக்கு நல்லது. சுற்றுலா அதிகார சபையில் பதிவு செய்த வீடா என்று கேளுங்கள். மட்டக்களப்பில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். வீட்டுக்காரி என்றால் அங்கே உண்மையிலேயே வீட்டுக்குச் சொந்தக்காரி. ஆகவே வாடகையை ஆம்பிளைகளோடு மட்டும் பேசி முடிக்காமல் வீட்டு அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

யாரையும் தெரியாதே என்றால்? நீங்கள் போகும் பகுதியின் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் கிராம உத்தியோகத்தரையும் சங்கங்களையும் காட்டித் தருவார்கள். கடிதம் எழுதக் கஷ்டமாக இருந்தால் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். எழுதித் தருவது எங்கள் வேலை.

பேசும்போது கேட்க வேண்டியவை

1. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? வாவிக்கும் கடலுக்கும் கிட்டவுள்ள கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பாக இருக்கலாம். குழாய்த் தண்ணீர் உண்டா என்று கேளுங்கள்.

2. கக்கூஸ் எத்தனை? நாற்பது பேருக்கு இரண்டு போதாது. பெண்களுக்குத் தனியாக, உள்ளே பூட்டக்கூடியதாக, இரவில் வெளிச்சம் உள்ளதாக வேண்டும். இதை வெட்கப்படாமல் கேளுங்கள். பெண்கள் பலர் பயணத்தில் தண்ணி குடிக்காமல் கிடந்து வருத்தம் தேடிக் கொள்வதற்கு இதுதான் காரணம்.

3. பெண்களும் பிள்ளைகளும் படுக்கத் தனி அறையோ தடுப்போ உண்டா? கதவுக்குக் கொண்டி உண்டா?

4. நுளம்பு வலை, மின்விசிறி உண்டா? நமக்குக் குளிர்தான் பழக்கம். அந்த வெக்கையில் முதல் இரவு தூக்கம் வராது. கம்பளியை வீட்டில் வைத்துவிட்டு நுளம்பு வலையையும் பாயையும் எடுத்துப் போங்கள்.

5. பஸ் வாசல் வரை வருமா? டிரைவருக்கு நிம்மதியாகப் படுக்க இடம் உண்டா? டிரைவர் தூங்கினால்தான் நாற்பது உயிரும் வீடு வந்து சேரும்.

6. முற்பணம் எவ்வளவு? ஒரு பங்கை மட்டும் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முழுக் காசையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டுப் போய்ப் பார்த்தால் இடமில்லை என்று நின்ற குழுக்கள் உண்டு. முடிந்தால் இரண்டு பேர் முன்னதாக ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.

எப்போது போவது?

இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கையில் காசு புரள்வது தீபாவளிக்கு. லீவு கிடைப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். மட்டக்களப்பில் கடும் மழை பெய்வதோ நவம்பரிலிருந்து ஜனவரி வரை. அப்போது வாவி பெருகும், படுவான்கரைப் பாதைகள் தண்ணீரில் போகும். மலையிலும் மண் சரியும். 2025 நவம்பரில் டித்வா புயல் நம் வீதிகளை என்ன செய்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே தீபாவளியில் சீட்டுத் தொடங்கி, மாதாமாதம் கொஞ்சமாகச் சேர்த்து, ஏப்ரல் அல்லது ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் போவதுதான் புத்தி.

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போகிறவர்களுக்குப் பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடியில் இறங்கும் வீதி இருக்கிறது. கண்டிப் பக்கத்தார் ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியாகவும் போகலாம். எந்த வழியானாலும் விடியக் காலையில் புறப்பட்டு, பகலோடு போய்ச் சேருங்கள். 2025 செப்டம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இரவில் திரும்பி வந்த சுற்றுலா பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ஒரு இரவு வாடகையை மிச்சம் பிடிக்க இருட்டில் மலை ஏற வேண்டாம். இரண்டு இரவு தங்குங்கள், மூன்றாம் நாள் காலையில் புறப்படுங்கள்.

தங்கும் ஊரில் நாம் எப்படி நடப்பது?

"மட்டக்களப்புக்குப் போனா பாயோட ஒட்ட வெச்சிருவாங்க" என்று பழைய பேச்சு ஒன்று உண்டு. அதை மந்திரம் மாயம் என்று சொல்லிப் பயந்தவர்கள் உண்டு. அந்த ஊர்க்காரர்களோ, வந்தவர்களை உபசரித்துத் திரும்பிப் போக மனம் வராமல் செய்து விடுவோம் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்பார்கள். அவர்கள் பேச்சு கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். "மறுகா வாங்க" என்றால் பிறகு வாருங்கள் என்று அர்த்தம். "இதால கிறுகுங்க" என்றால் இந்தப் பக்கம் திரும்புங்கள் என்று அர்த்தம். பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். நம் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தபோது நமக்கு எப்படி இருந்தது?

வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருந்தால், "இவருக்கு என்ன நடந்துச்சு?" என்று நாமாகக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். "அந்த இயக்கமா, இந்த இயக்கமா" என்று துருவ வேண்டாம். காணாமல் போன பிள்ளைக்காக இன்னும் காத்திருக்கும் தாய்மார் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் "செத்துப் போயிருப்பார்" என்ற வார்த்தை நம் வாயிலிருந்து வரக்கூடாது.

நினைவுத்தூபியில் ஏறி நின்று படம் பிடிப்பது, பக்கத்தில் இருந்து சோறு சாப்பிடுவது, பஸ்ஸில் பாட்டுப் போட்டுக் கொண்டு போய் நிறுத்துவது எதுவும் கூடாது. பள்ளிவாசலுக்கு முன்பே சொல்லி அனுமதி கேளுங்கள். தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை மதியத்தையும் தவிருங்கள். பெண்கள் தலையை மூடிக் கொள்ள வேண்டும். ஜூன் 12, ஆகஸ்ட் 3 போன்ற நினைவு நாட்களில் அந்தக் குடும்பங்கள் அழ வருவார்கள். அன்று போவதானால் பூவோடு, சத்தமில்லாமல் போய்ப் பின்னால் நில்லுங்கள்.

பாதுகாப்புக்கு நாலு வார்த்தை

எல்லாரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். தங்குமிடத்தில் பதிவுக்குக் கேட்பார்கள். போர்க்காலத்தில் அடையாள அட்டை இல்லாத குற்றத்துக்காகவே பொலிசில் இருந்த தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். இன்று நிலைமை வேறு. என்றாலும் அட்டை இல்லாதவர்கள் இந்தப் பயணத்தைச் சாட்டாக வைத்தாவது இப்போதே விண்ணப்பியுங்கள்.

மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் காட்டிலோ பற்றையிலோ இரும்புச் சாமான் எதையும் பிள்ளைகள் தொடக்கூடாது. படுவான்கரையில் யானை நடமாட்டம் உண்டு. பொழுது சாயுமுன் பாலத்தைக் கடந்து தங்குமிடத்துக்கு வந்துவிடுங்கள். வாவியில் முதலை உண்டு, குளிக்க இறங்க வேண்டாம். கல்லடிக் கடலில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். நம் பிள்ளைகள் ஆற்றில் விளையாடி வளர்ந்தவர்கள், கடல் வேறு.

பெரியவர்களின் பிரசர் மருந்து, சீனி வருத்த மருந்து மூன்று நாளைக்கு இருக்கிறதா என்று புறப்படும் முன் ஒருவர் பொறுப்பெடுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று

இரண்டாம் நாள் இரவு சாப்பாடு முடிந்த பிறகு, தங்கியிருக்கும் ஊரின் பெரியவர்கள் ஒன்றிரண்டு பேரை மண்டபத்துக்கு அழையுங்கள். அவர்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். நம் தோட்டத்துத் தேயிலையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள். அவர்கள் தங்கள் ஊர்க் கதையைச் சொல்லட்டும். நம் பாட்டிமார் எண்பத்து மூன்றாம் வருஷக் கதையைச் சொல்லட்டும். பிள்ளைகள் நடுவில் இருந்து கேட்கட்டும். சொந்தக்காரரைத் தேடுகிறவர்கள் பெயரையும் பழைய தோட்டத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, அந்த ஊர்ச் சங்கத்திடம் கொடுத்து வரலாம்.

புறப்படும் காலையில் மண்டபத்தைக் கூட்டிக் கழுவி, குப்பையைக் கட்டி எடுத்து, வாடகையை எண்ணிக் கொடுத்து, சொல்லிக் கொண்டு வாருங்கள். அடுத்த தோட்டத்திலிருந்து நாற்பது பேர் போய்க் கேட்கும்போது, "அவங்க நல்ல ஆக்கள், வரட்டும்" என்று அந்த ஊர் சொல்ல வேண்டும்.